ரோசாப்பூ துரை

குட்டீஸ், எந்தத் தப்பும் செய்யாத ஒருவரை, அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டிக் குற்றவாளி என்று அரசாங்கமே எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? நினைத்தாலே கோபம் வருகிறது அல்லவா?

நூறு வருடங்களுக்கு முன்பு நம் தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. பெயர், குற்றப் பரம்பரைச் சட்டம். வெள்ளைக்கார அரசு 1871ல் வட இந்தியாவில் கொண்டு வந்த சட்டம் இது. 1911ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். உசிலம்பட்டி முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை வாழ்ந்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது இந்தச் சட்டம் பாய்ந்தது.

ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிவு செய்ய வேண்டும். அதனால் மக்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். இரவானால் வீட்டில் தூங்கக் கூடாது. காவல் நிலையத்திலோ, ஊர்ச் சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமா? ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணம், சாவு எதுவானாலும் இதே கதைதான்!

பாவம், அந்த விவசாயிகள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? அவர்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர்தான் இந்த வாரம் நாம் சந்திக்கப் போகிறவர். அவர் பெயர் ஜார்ஜ் ஜோசப்.

கேரளாவில் உள்ள செங்கன்னூரில் 1887 ஜூன் 5ம் தேதி பிறந்தார் ஜோசப். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு கப்பலேறி எடின்பரோ போய்த் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அடுத்து, லண்டனில் உள்ள மிடில் டெம்பிள் என்ற இடத்தில் சட்டம் படித்தார்.

அந்தக் காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்கு ஒரு வேடிக்கையான விதி உண்டு. பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. அங்குள்ள பெரிய கூடத்தில், மற்ற வக்கீல்களோடு உட்கார்ந்து இத்தனை முறை இரவு விருந்து சாப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது! பெரியவர்களோடு பழகித் தொழிலின் நடைமுறைகளைக் கற்றுக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

1909ல் ஜோசப் ஊர் திரும்பினார். வயது 21தான். லண்டனில் படித்த பாரிஸ்டர் என்றால் அன்றைக்கு ஏக மதிப்பு. முதலில் சென்னையில் தொழிலைத் தொடங்கினார். ஐகோர்ட் இருந்த ஊர் அது. பெரிய வழக்கு, பெரிய ஃபீஸ் எல்லாம் அங்கேதான். ஆனால், கொஞ்ச காலத்தில் மதுரைக்கு வந்துவிட்டார். கிரிமினல் வழக்குகளில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். வருமானமும் நன்றாக வந்தது.

அப்போது தேனி தனி மாவட்டம் இல்லை. 1996 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. கம்பம், கூடலூர்க்காரர்களும் பெரிய வழக்கு என்றால் மதுரைக்குத்தான் வர வேண்டும். இப்படித்தான் கைரேகைச் சட்டத்தின் கொடுமை ஜோசப்பின் காதுக்கு வந்தது.

1920 ஏப்ரல் 3ம் தேதி, உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் மக்கள் கைரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

சட்டம் படித்த ஜோசப்புக்கு ஒன்று புரிந்தது. திருடினவனைத் தண்டிப்பது நியாயம். பிறப்பைப் பார்த்துத் தண்டிப்பது அநியாயம். சட்டப் புத்தகத்தில் அச்சாகி விட்டால் மட்டும் அநியாயம் நியாயமாகி விடுமா? அந்த மக்களுக்காகக் கோர்ட்டில் வாதாடினார். அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைகளிலும் எழுதினார்.

கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருந்ததால் மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கூப்பிட்டார்களாம். ஜோசப் என்ற பெயர்தான் கிராமத்து மக்கள் வாயில் ரோசாப்பு ஆகி, பிறகு ரோசாப்பூ ஆனது என்றும் சொல்வார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளைப் பயந்துகொண்டு துரை என்றவர்கள், இவரைப் பாசத்தோடு துரை என்றார்கள்!

இதற்கிடையே காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. வெள்ளையர் கோர்ட்டைப் புறக்கணிக்கச் சொன்னார் காந்திஜி. கை நிறைய வருமானம் தந்த தொழிலை ஜோசப் விட்டுவிட்டார். அலகாபாத் போய், மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டென்ட்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதற்காக ஜெயிலுக்கும் போனார். 1923ல் காந்திஜியின் 'யங் இந்தியா'வுக்கும் ஆசிரியராக இருந்தார். 1924ல் வைக்கம் போராட்டத்தில் கைதானார்.

பிறகு மதுரைக்குத் திரும்பி, மறுபடியும் கறுப்புக் கோட்டு போட்டார். 1933ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் இளைஞர் ஒருவரைச் சிக்க வைத்தார்கள். ஜோசப்பும் வரதராஜுலு நாயுடுவும் வாதாடி அவரை விடுவித்தார்கள். அந்த இளைஞர் யார் தெரியுமா? பின்னாளில் நம் முதல்வரான காமராஜர்!

1938 மார்ச் 5ம் தேதி, 50 வயதிலேயே மதுரையில் காலமானார் ஜோசப். கைரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது 1947ல்தான். அந்த நல்ல நாளைப் பார்க்க அவர் இல்லை. ஆனால், இரவில் சொந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கிய ஒவ்வொரு குடும்பமும் ரோசாப்பூ துரையை மறக்கவில்லை.

குட்டீஸ், உங்களில் யாருக்கெல்லாம் வக்கீலாக ஆசை? நன்றாகப் படியுங்கள். பட்டம் வாங்கிக் கறுப்புக் கோட்டு போடும் நாளில், யாருக்காகப் பேசப் போகிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அப்போது ரோசாப்பூ துரையையும் நினைத்துக்கொள்ளுங்கள்!