விதைத்தவருக்குக் கிட்டாத அறுவடை

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில், உழவர் குடும்பத்தில் 1910-இல் பிறந்தவர் சி. சுப்பிரமணியம். சட்டம் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை மாநில அமைச்சராகவும், பின்னர் மத்திய எஃகுத் துறை அமைச்சராகவும் பணியாற்றினார்.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, உணவு, வேளாண்மைத் துறையை அவரிடம் ஒப்படைத்தார். அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நாடு எதிர்நோக்கியிருந்த காலம் அது. கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் எந்த உழவரும் கூடுதலாக முதலிடமாட்டார் என்பது சுப்பிரமணியத்தின் உறுதியான கணிப்பு. உணவுப்பொருள் விலை உயர்ந்தால் பணவீக்கமும் நகர மக்களின் அதிருப்தியும் பெருகுமே என நிதித் துறை தயங்கியது. அத்தயக்கத்தைக் கடந்து, 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் உருவாயின.

அடுத்து விதை. எம்.எஸ். சுவாமிநாதன் உள்ளிட்ட அறிவியலாளர்கள் பரிந்துரைத்த மெக்சிகோ குட்டைரகக் கோதுமைக்கு இடதுசாரிகளும் பொருளியல் அறிஞர் சிலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தில்லியில் தமது அரசு இல்லத்தின் புல்வெளியிலேயே அக்கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார் அமைச்சர். அந்நியச் செலாவணி அரிதாயிருந்த 1966-இல் 18,000 டன் விதை இறக்குமதியானது.

ஆனால், பயிரின் பருவமும் தேர்தலின் பருவமும் ஒத்துப்போகவில்லை. 1965, 1966 இரு ஆண்டுகளும் மழை பொய்த்தது. இந்தித் திணிப்பின் மீதான சினத்தோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 1967 தேர்தலில் தமிழகத்தில் காங்கிரஸ் வீழ்ந்தது, சுப்பிரமணியமும் தோற்றார். மறு ஆண்டே கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 1.65 கோடி டன்னை எட்டியது. தானியத்தைச் சேமிக்கக் கிடங்குகள் போதவில்லை. அதைக் காணும்போது அவர் அமைச்சராக இல்லை.

பின்னர் மீண்டும் மத்திய அமைச்சரான அவர், 1998-இல் பாரத ரத்னா விருது பெற்று, 2000-இல் மறைந்தார்.

அவர் வகுத்த கொள்கைக்கு ஒரு விலையும் உண்டு. விலை உறுதியும் கொள்முதலும் நெல், கோதுமையையே சுற்றிவந்ததால் சிறுதானியங்கள் பின்தங்கின; பஞ்சாபின் நிலத்தடி நீர் வற்றிவருகிறது. பஞ்சகாலத்துக்கு வகுத்த திட்டத்தை மிகைக்காலத்தில் திருத்தியிருக்க வேண்டியவர்கள், பின்வந்த ஆட்சியாளர்கள். திருத்தினால் வாக்கு குறையுமோ என்ற அச்சமே அவர்களைத் தடுத்தது. பலன் தமக்குப் பின்னரே கிட்டும் என்றாலும் துணிந்து முடிவெடுக்கும் அமைச்சரே இன்றைய வேளாண்மையின் தேவை.