பறவையியல் பேரறிஞர் சாலிம் அலி

படைப்புகள் யாவும் இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவற்றைப் பேணுவதற்கே வாழ்நாளை ஈந்தவர் சாலிம் அலி.

1896-இல் மும்பையில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவனாகத் தாம் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அதன் பெயரறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நாடினார். அந்த ஐயமே அவரை அறிஞராக்கிற்று. இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் 1941-இல் வெளிவந்தது.

இராஜஸ்தானத்துப் பரத்பூர் நீர்நிலத்தை விளைநிலமாக்கும் முயற்சி எழுந்தபோது, பிரதமர் நேருவிடம் முறையிட்டு அதனைக் காத்தார். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கிற்காகவும் குரல் கொடுத்தார்.

அறிஞரும் தவறுவதுண்டு. பரத்பூரில் எருமை மேய்ச்சல் நிறுத்தப்பட வேண்டும் என்றார். 1982-இல் தடை வந்தது; எதிர்த்த சிற்றூர் மக்கள் சிலர் காவலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மேய்ச்சல் நின்றதும் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. பறவைகளுக்கே இடம் குறுகிற்று. 1987-இல் அவர் மறைந்தபின் இவ்வுண்மையை எடுத்துரைத்தது, அவர் பேணி வளர்த்த அக்கழகத்தின் பத்தாண்டு ஆய்வே!

இயற்கையைக் காப்போர் அதனை அண்டி வாழும் எளியோரையும் காத்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே! அறியாததைக் கேட்டறியப் படியேறிய அச்சிறுவனின் பணிவு, கற்றறிந்தபின்னும் நம்மை விட்டு நீங்காதிருக்கட்டும்.