தனிநாயகம் அடிகளார்: உரோமையில் தமிழைத் தேடிய யாழ்ப்பாணத்துக் குரு

தனிநாயகம் அடிகளாரை நினைவுகூரும் வேளைகளில் நம்மவர் அவரை இரு கூறாக்கி விடுவது வழக்கம். தமிழ் விழா மேடைகளில் அவர் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்த அறிஞர். அவரது குருத்துவம் ஓர் உடையளவில் நின்றுவிடுகிறது. தேவாலய வட்டாரங்களிலோ அவர் தமிழ்ப் பணியும் ஆற்றிய ஒரு குருவானவர். இப்பிரிவினை வசதியானது. ஆனால் அவரது வாழ்வு அவ்வாறு பிரிந்து கிடக்கவில்லை. தமிழைத் தேட வேண்டும் என்ற எண்ணம் அவருள் அரும்பிய இடம் யாழ்ப்பாணமோ மதுரையோ அல்ல. உரோமை நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், பல நாட்டு மாணவரோடு கூடி வாழ்ந்த ஐந்தாண்டுக் காலம் அதற்கு விதையிட்டது. இக்கட்டுரை பெரிதும் அதைப் பற்றியதே.

யாழ். பண்ணையைக் கடந்து வேலணை வழியாகச் செல்லும் தெரு ஊர்காவற்றுறையில் முடிகிறது. அதனருகே உள்ள கரம்பொன் கிராமத்தில் 1913 ஆகஸ்ட் 2ஆந் திகதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர். தனிநாயகம் என்பது முன்னோர் வழிப் பெயர். அதனை அவர் பிற்காலத்தில் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கிய கல்வி, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் தொடர்ந்தது. அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் நடத்திய அக்கல்லூரி அன்று ஆங்கிலக் கல்விக்குப் பெயர்பெற்றிருந்தது. ஒழுக்கம், விளையாட்டு, இலத்தீன், ஆங்கில இலக்கியம் ஆகியவற்றில் அது குறைவைக்கவில்லை. தமிழ் மட்டும் வீட்டு மொழியாய், வேலைக்காரர் மொழியாய் ஒதுங்கி நின்றது. கத்தோலிக்கக் கல்லூரிகளை மாத்திரம் இதற்குக் குறைகூற இயலாது. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் அரச உத்தியோகத்தின் திறவுகோலாக இருந்தது. பெற்றோர் எல்லோரும் அதையே கேட்டனர். அதே நகரின் நல்லூரில் சுவாமி ஞானப்பிரகாசர் என்னும் பன்மொழிப் புலவர் தமிழ்ச் சொற்பிறப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது இந்நிலையின் முரண் விளங்கும்.

1931 முதல் 1934 வரை கொழும்பு புனித பேர்னாட் குருமடத்தில் மெய்யியல் பயின்ற சேவியர், பின்னர் உரோமைக்குச் சென்றார். அங்கு அவர் சேர்ந்தது ஊர்பன் பல்கலைக்கழகம். பாப்பரசர் எட்டாம் ஊர்பன் 1627இல் தோற்றுவித்த கல்லூரியின் வழிவந்தது அது. ஐரோப்பாவுக்கு அப்பாற்பட்ட நாடுகளுக்கான குருக்களைப் பயிற்றுவிப்பதே அதன் நோக்கம். ஆதலால் அங்கு கூடியிருந்தோர் ஆசியர், ஆபிரிக்கர் எனப் பல இனத்தவர். வகுப்பறை மொழி இலத்தீன், தெருவில் இத்தாலியன், விடுதியிலோ உலகத்து மொழிகளுள் பலவும் காதில் விழுந்தன. அதிகாலைத் திருப்பலி, தியானம், மௌனம் காக்கும் வேளைகள், பொதுப் போசனம், மாலை உலா என மணி அடித்து மணி ஓயும் வாழ்க்கை அது. சீனரும் ஆபிரிக்கரும் இந்தியரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே அப்பத்தை உண்டனர்.

இத்தகைய வாழ்க்கை மாணவனின் மொழியையும் இனத்தையும் கரைத்துவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். திருச்சபையின் நோக்கமும் ஒருவகையில் அதுவே என்று வாதிப்போர் உண்டு. சேவியர் விடயத்தில் நேர்ந்தது மறுதலை. ஒவ்வொரு நாட்டு மாணவனும் தன் நாட்டுக் கவிதையையும் தன் முன்னோர் கதையையும் பெருமையோடு எடுத்துரைக்கும் ஒரு சபையில், நீ என்ன கொண்டு வந்தாய் என்ற கேள்விக்கு அவர் விடை தேட வேண்டியிருந்தது. ஆங்கில இலக்கியம் தெரியும்; இலத்தீன் தெரியும்; சொந்த மொழியின் இலக்கியம் தெரியாது. அங்கிருந்த தமிழ் மாணவரைச் சேர்த்து அவர் ஒரு தமிழ்க் கழகத்தைத் தொடங்கினார். அதற்கு வீரமாமுனிவரின் பெயர் இடப்பட்டது. இத்தாலியிலிருந்து தமிழகம் போந்து தேம்பாவணி பாடிய ஒருவரின் பெயரில், தமிழ் நாடுகளிலிருந்து இத்தாலிக்குச் சென்ற இளைஞர் தமிழ் படிக்கக் கூடினர். சிறு கழகந்தான். ஆயினும் பிற்காலத்து உலக மன்றத்தின் முதல் வரைபடம் அதுவே என்பது இவ்வெழுத்தாளனின் துணிபு.

1938 மார்ச் 19ஆந் திகதி அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறுவருடம் இறையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுக்கு அவர் எடுத்த பொருள் கவனிக்கத்தக்கது. மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய துனீசியாவிலுள்ள கார்தேச்சு நகரின் ஆயராக இருந்தவர் புனித சிப்பிரியான். அவர் காலத்து அந்நகரக் குருமார் பற்றியதே ஆய்வேடு. கார்தேச்சுத் திருச்சபை உரோமையோடு ஒரே விசுவாசத்தில் நின்றது. ஆனால் தன் வழமைகளை விட்டுக்கொடுக்க மறுத்து, பாப்பரசர் ஸ்தேவானுடன் வெளிப்படையாகவே கருத்து மாறுபட்டது. உரோமையில் இருந்துகொண்டே ஒரு தொலை மாகாணத்துத் திருச்சபையின் தனித்தன்மையை ஆராய ஓர் ஈழத்து மாணவன் முன்வந்தது தற்செயலாக இருக்கலாம். அவ்வாறே இருப்பினும், அதில் அவர் கற்ற பாடம் வீணாகவில்லை.

அவர் திரும்பி வந்தது யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கு அன்று; தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாகி, 1940இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். வடக்கன்குளம் கத்தோலிக்கருக்குப் புகழும் வெட்கமும் ஒருங்கே தந்த ஊர். சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்து நின்று வழிபடுமாறு நடுவே சுவரெழுப்பிய தேவாலயம் அங்கிருந்தது. அச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. சாதி இடிபட நாட்கள் எடுத்தன. யாழ்ப்பாணத்து வாசகர் இதைப் படித்துப் புன்முறுவல் பூக்க வேண்டியதில்லை. நமது கோயில்களிலும் தேவாலயங்களிலும் சுவரில்லாமலே அதே பிரிவினை நடந்தேறியது.

பல மொழிகள் அறிந்த அந்தக் கலாநிதிக்கு அவ்வூர் மாணவர் முன்னே பிழையின்றித் தமிழ் பேச வரவில்லை. தமக்கு வயது 27 கடந்துவிட்டது என்று அவர் கூச்சப்படவில்லை. குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்து இலக்கணத்தையும் பழைய நூல்களையும் முறைப்படி கற்றார். பிராமணப் பண்டிதர் ஒருவர் கத்தோலிக்கக் குருவுக்குத் தமிழ் கற்பித்தார் என்பதை இன்று நாம் வியப்போடு எழுதுகிறோம். அன்றைய நெல்லையில் அது ஓர் ஆசிரியனும் மாணவனும் சம்பந்தப்பட்ட எளிய காரியமாகவே நடந்திருக்கக்கூடும்.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். தில்லைக் கூத்தனின் கோபுர நிழலில், சைவ மணம் கமழும் சூழலில், குருத்துவ அங்கியோடு சங்க இலக்கியம் படித்து முதுகலைப் பட்டமும், தொடர்ந்து இலக்கிய முதுமாணிப் பட்டமும் பெற்றார். சங்கப் பாடல்களில் நிலமும் இயற்கையும் மனித உணர்வும் பின்னிக் கிடப்பதை ஆராய்ந்த அந்த ஏடே பின்னர் ஆங்கிலத்தில் நூலாகி வெளிநாட்டாரைத் தமிழின்பால் திருப்பியது. அவரது எழுத்துகளில் பழந்தமிழ் வாழ்வு சற்று மிகையான வெளிச்சத்தில் தோன்றுகிறது என்ற குறை உண்டு. அக்குறை நியாயமானதே. ஆனால் தமிழ் என்றொரு செம்மொழி இருப்பதையே அறியாத அவையோர் முன் பேச நேர்ந்தவரின் எழுத்து அது என்பதையும் மறக்கலாகாது.

பின்னர் உலகப் பயணங்கள் தொடங்கின. 1952இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றை ஆரம்பித்தார். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். எந்நாடு சென்றாலும் நூலகங்களைத் தேடிச் செல்வது அவர் வழக்கம். 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் மறைச் சுவடி, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதிய பின்னரே நம்மவரிற் பலர் தமிழ் அச்சின் பழைமையை அறிந்தனர். 1954இல் வத்திக்கான் நூலகத்தில், அந்தாம் த புறோயன்சா பாதிரியார் தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ் - போர்த்துக்கேய அகராதியின் பிரதியைக் கண்டெடுத்தார். மாணவப் பருவத்தில் ஐந்தாண்டுகள் அவர் உலாவிய நகரில், கூப்பிடு தூரத்தில் அந்நூல் கிடந்திருக்கிறது. அன்று அதைத் தேட அவருக்குத் தமிழ் போதாது. 1966இல் கோலாலம்பூரில் அதன் மறுபதிப்பை அவரே வெளிக்கொணர்ந்தார்.

அடிகளாரின் தமிழில் சமயங்களுக்கு வேலி கிடையாது. தமிழைப் பக்தியின் மொழி என்று அவர் ஓயாது கூறிவந்தார். அவ்வாறு கூறும்போது தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் மட்டும் அவர் கருத்தில் இருக்கவில்லை. சமணரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தத்தம் இறைவனை இம்மொழியில் அழைத்தனர் என்பதே அவர் வாதத்தின் உயிர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைத் தமிழ் வரலாற்றின் ஓரத்தில் ஒதுக்கும் போக்குக்கு அங்கு இடமில்லை. அடிகளார் பேராதனையில் பணியாற்றிய அக்காலத்திலேதான், பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றிய தமது ஆய்வை 1953இல் நூலாக வெளியிட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அடிகளார் வாளாவிருக்கவில்லை. தமிழரின் மொழியுரிமைக்காக எழுதினார், பேசினார். சிங்களவரும் தமிழரும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் திருச்சபையில் ஒரு குருவானவர் இவ்வாறு பேசுவது எல்லோர்க்கும் உவப்பாக இருந்திருக்க முடியாது. 1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தலைவராகச் சென்றார். நாட்டுக்கு அது இழப்பு, தமிழுக்கு ஆதாயம்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடிய வேளையில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாயிற்று. பிரெஞ்சு அறிஞர் ஜீன் ஃபிலியோசா தலைவர். செக் நாட்டறிஞர் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர்கள். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு. கத்தோலிக்கக் குரு ஒருவர் முன்னின்று கூட்டிய அவையை மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டைத் தொடக்கி வைத்தவர் இந்தியக் குடியரசுத் தலைவர் சாகிர் உசேன். அம்மாநாட்டையொட்டி மெரீனாக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் வீரமாமுனிவரின் சிலையும் ஒன்று. உரோமைக் கழகத்து மாணவருள் அந்நாளில் உயிரோடிருந்தோர் அதனை அறிந்து மகிழ்ந்திருப்பர்.

பாரிஸில் 1970இல் மூன்றாம் மாநாடு நடந்தேற, நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கொழும்பிலேயே அதை நடத்த வேண்டுமென அரசு விரும்பியது; வெளிநாட்டறிஞர் சிலருக்கு நுழைவு அனுமதி மறுக்கப்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தனும் நண்பர்களும் தளரவில்லை. நகரமே தோரணங் கட்டி நின்றது. ஜனவரி 10ஆந் திகதி இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் பல்லாயிரவர் கூடியிருந்தனர். திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த பேராசிரியர் நயினார் முகம்மது உரையாற்றிக்கொண்டிருந்தார். அவரது செந்தமிழில் கூட்டம் மயங்கியிருந்த வேளையில் பொலிஸார் உட்புகுந்தனர். கண்ணீர்ப்புகையும் துப்பாக்கி வேட்டும் எழுந்தன. மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் மாண்டன. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெட்சர் தலைமையில் அமைந்த அரசு சாராக் குழு பொலிஸார் மீதே குற்றங் கண்டது. அரசு எவரையும் தண்டிக்கவில்லை.

சைவர் பெரும்பான்மையாய் வாழும் நகரில், கத்தோலிக்கக் குரு ஒருவர் தோற்றுவித்த மன்றத்தின் மேடையில், முஸ்லிம் பேராசிரியர் ஒருவர் தமிழைப் பற்றிப் பேச, மக்கள் மெய்மறந்து கேட்டிருந்தனர். அந்த இரவின் குருதியை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அந்த இரவின் சபையை, அது எத்தகைய மனிதரால் நிறைந்திருந்தது என்பதை, அவ்வளவாக நினைப்பதில்லை.

அடிகளார் இறுதிக் காலத்தை யாழ்ப்பாணத்திலேயே கழித்தார். 1980 செப்டெம்பர் 1ஆந் திகதி, 67ஆவது வயதில் காலமானார். ஒன்பது மாதங்களில் யாழ். பொது நூலகம் எரியூட்டப்பட்டது. அவரைப் போலவே குருவும் மொழியறிஞருமான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணச் சோனகத் தெரு முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் 70,000 பேருக்கு மேல். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தமிழில் கற்று, தமிழிலேயே அழுத மக்கள் அவர்கள். அது தமிழரின் பெயரால் நடந்தது; நம்மிற் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. போர் தீவகத்தையும் சூழ்ந்தது. கரம்பொன் மக்களும் மூட்டை முடிச்சுகளோடு வெளியேறினர்.