ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி அருண்டேல் (பெப்ரவரி 29, 1904 - பெப்ரவரி 24, 1986) தமிழ்நாட்டைச் சேர்ந்த பரதநாட்டியக் கலைஞர். கலாசேத்திரா என்னும் கலை நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். நடனத்தின் அடிப்படைகளைச் சிறுவயதிலேயே பயிலத் தொடங்குவது வழக்கமாயிருந்த காலத்தில், ஏறத்தாழ முப்பதாவது வயதில் அதனைக் கற்று மேடையேறியவர் இவர்.

இளமைக் காலம்

இவர் மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். தாயார் சேசம்மாள் இசை ஆர்வலர். 1920இல் பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தார். அக்காலச் சென்னைச் சமூகத்தில் இத்திருமணத்திற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது.

பாலே பயிற்சி

1928இல் உருசிய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நிகழ்ச்சியை ருக்மிணி பம்பாயில் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியாவிற்குச் சென்ற கப்பலில் இருவரும் உடன் பயணித்து நண்பர்களாயினர். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலேயின் அடிப்படைகளைக் கற்றார். தம் நாட்டு நடனத்தைத் தேடிக் கற்குமாறு பாவ்லோவா இவருக்கு அறிவுறுத்தினார்.

சதிர் கற்றல்

அந்நாளில் சதிர் எனப்பட்ட நடனம், கோயில்களில் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசிப் பெண்களின் கலையாக இருந்தது. புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் நடனத்தைக் காக்க வேண்டும் என வாதிட்டார். 1932இல் இருவரும் நாளிதழ்களில் இது குறித்து விவாதித்தனர். 1930களில் சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெறலாயிற்று.

இச்சூழலில் ருக்மிணி முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனாரான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935இல் அடையாற்றில் நடைபெற்ற பிரம்மஞான சபையின் வைரவிழாவில் முதன்முறையாகப் பொதுமேடையில் ஆடினார். பிராமணக் குலப் பெண் ஒருவர் சதிர் ஆடியது அன்று பெரும் சர்ச்சைக்கு உள்ளானது.

அடவுகள்

பரதநாட்டியத்தின் அடிப்படை அலகு அடவு எனப்படும். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டி நிலையில் பயிற்சி தொடங்குகிறது. முதலில் கற்பிக்கப்படுவது தட்டடவு. பாதம் முழுவதும் தரையில் படுமாறு தாளத்திற்கேற்பத் தட்டுவதே இதன் இலக்கணம். அடுத்து நாட்டடவு முதலியன வரும். நட்டுவனார் தட்டுக்கழியால் மரக்கட்டையில் தட்டிச் சொற்கட்டுகளைக் கூற, மாணவர் ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களில் ஆடுவர். ஒரு காலத்தைவிட அடுத்த காலம் இருமடங்கு வேகமுடையது.

பாலேயிலும் முழங்கால்கள் வெளிப்புறமாகத் திரும்பியே மடிகின்றன. ஆயினும் அங்கு உடல் மேல்நோக்கி எழுகிறது. பரதநாட்டியத்தில் உடலின் பாரம் தரையை நோக்கி இறங்குகிறது.

கலாசேத்திரா

1936 சனவரியில் ருக்மிணி தொடங்கிய கலைக்கழகம் பின்னர் கலாசேத்திரா எனப் பெயர் பெற்றது. இங்கு அடவுகள் ஒழுங்கான பாடத்திட்டமாக வகுக்கப்பட்டன. பரம்பரைக் குடும்பங்களைச் சேராதவர்களும் நடனம் பயிலவும் நட்டுவாங்கம் செய்யவும் வழி பிறந்தது. குற்றாலக் குறவஞ்சி, இராமாயணம் ஆகியவற்றை இவர் நாட்டிய நாடகங்களாக அமைத்தார். 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கலாசேத்திரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

விமர்சனங்கள்

சிருங்காரப் பாடல்களை இவர் ஒதுக்கியதைப் பரம்பரைக் கலைஞரான பாலசரசுவதி ஏற்கவில்லை. நடனம் பிற சமூகத்தினரிடம் பரவியபோது, அதனைத் தலைமுறைகளாகக் காத்த பெண்கள் பலர் மேடையை இழந்தனர் என ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை முருகன் கோயிலின் சதிர் மரபைச் சேர்ந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல்தான் பத்மசிறீ விருது கிடைத்தது. ருக்மிணிக்கு 1956இலேயே பத்மபூசண் வழங்கப்பட்டிருந்தது.

பொதுவாழ்வு

1952இல் மாநிலங்களவைக்கு ருக்மிணி நியமிக்கப்பட்டார். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் உருவாக இவரது முயற்சி காரணமாயிருந்தது. 1977இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட அழைத்தபோது அதனை ஏற்க மறுத்தார். 1986இல் சென்னையில் காலமானார்.