கையால் செய்து கற்ற மேதை லூயி பாஸ்டர்

பிரான்சு நாட்டில் டோல் என்னும் ஊரில், 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள் லூயி பாஸ்டர் பிறந்தார். அவர்தம் தந்தையார் தோல் பதனிட்டுப் பிழைத்தவர். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஆர்புவா என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்தார். இளமையில் படிப்பைவிட ஓவியத்திலேயே அவருக்கு நாட்டம் மிகுதி. எனினும், அயராது உழைத்துப் பாரிசில் உயர்கல்வி பெற்றார்.

1854இல் லீல் நகரில் அறிவியல் கல்விப் பிரிவின் தலைவரானார். நூலை ஒப்புவித்தல் மட்டுமே கல்வியாகாது என்பது அவர்தம் கொள்கை. மாணவர்களை ஆலைகளுக்கு அழைத்துச் சென்றார். ஆய்வுக்கூடத்தில் அவர்கள் கைகளாலேயே சோதனைகளைச் செய்யவைத்தார்.

1856இல் மாணவர் ஒருவரின் தந்தையார் அவரை நாடி வந்தார். பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் அவரது ஆலையில் சில தொட்டிகள் கெட்டுப் பெருநட்டம் நேர்ந்திருந்தது. பாஸ்டர் ஆலைக்கே சென்று, தொட்டிகளின் நீரை எடுத்து நுண்ணோக்கியில் நோக்கினார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட்டு உயிர்கள் இருந்தன. கெட்ட தொட்டியிலோ கோல் போன்ற நுண்ணுயிர்கள் நெளிந்தன. நொதித்தல் என்பது நுண்ணுயிர்களின் செயலே எனத் தெளிந்தார். இரவில் அரைத்து வைத்த தோசைமாவு காலையில் பொங்குவதும் இவ்வகையினதே.

பிரான்சின் திராட்சைமது கெட்டு வாணிகம் நலிந்தபோது, 1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரின் உதவியை நாடினார். அவர் தம் மாணவர்களுடன் ஆர்புவா சென்று ஆய்ந்தார். மதுவை 50 முதல் 60 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், அதனைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் மடியும் எனக் கண்டார். இன்று பாலைக் காக்கும் முறைக்கும் அவர் பெயரே வழங்குகிறது.

இடையில் அவர் உற்ற துயரங்கள் பல. பெண்மக்கள் இருவரை நச்சுக்காய்ச்சல் கொண்டது. 1868இல் பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்தது. அப்பொழுதும் ஆய்வை அவர் கைவிட்டாரில்லை. 1885இல் வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் சோசப் மெய்ஸ்டருக்குத் தாம் கண்ட தடுப்பூசியைப் போடச் செய்தார்; சிறுவன் பிழைத்தான். 1895ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள் பாஸ்டர் மறைந்தார்.

பெற்றோர்களே! தோல் பதனிட்டவரின் மகன் உலகைக் காத்தார். பால்மரம் வெட்டுவோரின் மக்களாலும் இயலும். பிள்ளைகள் 'ஏன்?' என வினவுங்கால் அதட்டாதீர்கள். மதுவை நாம் விலக்குவோம். மதுத்தொட்டியில் விளைந்த அறிவைப் போற்றிக் கொள்வோமாக!