தம்புசாமி பிள்ளை: பத்துமலை தெரியும், ரவாங் தெரியுமா?

தைப்பூசத்தன்று பத்துமலைப் படியேறும் நம்மில் பலருக்குக் காயாரோகணம் தம்புசாமி பிள்ளை என்ற பெயர் தெரியும். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்தவர். 1891ஆம் ஆண்டில் பத்துமலைக் குகையில் முருகனுக்குக் கோயில் அமைத்தவர். அடுத்த ஆண்டே அங்குத் தைப்பூசமும் தொடங்கிவிட்டது. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால், இந்த நாட்டுக்கு மின்சாரம் வந்த கதையிலும் முதலில் நிற்கும் இரண்டு பெயர்களில் ஒன்று இவருடையது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1850ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தவர் தம்புசாமி. அங்கே ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் கிராணியாக இருந்தார். 1875ஆம் ஆண்டில் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டாக நியமிக்கப்பட்டபோது, தம்புசாமியும் உடன் வந்தார். அப்போது மாநில நிர்வாகம் கிள்ளானில் இருந்தது. கருவூலத்தில் தலைமைக் கிராணியாக அமர்ந்த அவர், சில வேளைகளில் மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் கவனித்தார். 1880ஆம் ஆண்டில் நிர்வாகம் கோலாலம்பூருக்கு மாறியது. ரயில்பாதை போடுவதற்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்க்கும் வேலையிலும் அவர் பங்கு உண்டு. பிறகு அரசு உத்தியோகத்தை விட்டு வியாபாரத்தில் இறங்கினார். நல்ல சம்பளமும் மரியாதையும் உள்ள நாற்காலியை விட்டு எழுந்திருக்க, அந்தக் காலத்தில் துணிச்சல் வேண்டும்.

அப்போது சிலாங்கூரில் பணம் என்றால் ஈயம். தம்புசாமி, சீனச் செல்வந்தர் லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈய லம்பம் நடத்தினார். லம்பத்தில் முதல் எதிரி தண்ணீர்தான். ஆழமாகத் தோண்டத் தோண்டக் குழியில் நீர் ஊறும். மழை பெய்தால் வேலை நின்றுவிடும். சீனர்கள் கொண்டுவந்த மரச் சங்கிலி இறைப்பான்கள் ஓரளவு ஆழத்துக்குத்தான் உதவின. நீராவிப் பம்புகள் வந்தபோது ஆழம் கூடியது, ஆனால் கொதிகலனுக்கு விறகு போட்டு மாளவில்லை. காடு தள்ளிப் போகப் போக விறகின் விலையும் ஏறும். மின்சாரம் என்றால் ஓரிடத்தில் உற்பத்தி செய்து, கம்பி வழியாகக் குழி ஓரம் வரை கொண்டுபோகலாம். இருவரும் 1894ஆம் ஆண்டில் ரவாங்கில் மின் ஆக்கி இயந்திரத்தை நிறுவினார்கள். இந்த நாட்டில் மின்சாரம் பயன்படுத்தப்பட்டதற்கான முதல் பதிவு அதுதான்.

கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கே மறு ஆண்டுதான் மின்சாரம் வந்தது. அரசாங்கத்தை முந்திக்கொண்டு ஒரு தமிழரும் ஒரு சீனரும் கைப்பணத்தைப் போட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1893இல், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் நிறுவன அறங்காவலர்களிலும் இதே இருவரும் இருந்தார்கள்.

ரவாங்குக்குப் பிறகுதான் மலை ஆறுகளின் முறை. 1900ஆம் ஆண்டில் பகாங், ரவுப்பில் தங்கம் எடுத்த ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம், செம்பாம் ஆற்றில் நாட்டின் முதல் நீர்மின் நிலையத்தைக் கட்டியது. தேவை அதேதான்: சுரங்க இயந்திரங்களை ஓட்ட வேண்டும். விறகுக்குப் பதில் மலையிலிருந்து விழும் நீரையே வேலை வாங்கினார்கள். ஆற்று நீரைத் திருப்பி, சரிவில் வேகமாக இறக்கி, அந்த வேகத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டால் மின்சாரம். எரிக்க எதுவும் வேண்டாம், மழை பொய்க்காதவரை.

தலைநகரின் பக்கம் அந்த வித்தை 1905ஆம் ஆண்டில் வந்தது. உலு கோம்பாக்கில், மலையிலிருந்து இறங்கும் கோம்பாக் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. கோலாலம்பூருக்கு அங்கிருந்து மின்சாரம் ஓடியது. அதே கோம்பாக் ஆறுதான் நகருக்குள் வந்து, இன்று மஸ்ஜித் ஜாமிக் இருக்கும் முனையில் கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. அங்கிருந்து மகா மாரியம்மன் ஆலயத்துக்கு நடந்தே போய்விடலாம்.

அதைப் பார்க்கத் தம்புசாமி பிள்ளை இல்லை. 1902ஆம் ஆண்டிலேயே, பிறந்த ஊரான சிங்கப்பூரில் காலமாகிவிட்டார்.

நகரம் வளர்ந்தது, ஆற்று மின்சாரம் மட்டும் போதவில்லை. 1927ஆம் ஆண்டில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே பங்சார் மின் நிலையம் வந்தது. பத்து ஆராங் நிலக்கரி அங்கே எரிந்தது. அந்த நிலக்கரியை வெட்டியவர்களில் நம்மவர்களும் உண்டு.

ஆனால், தோட்டத்து லயன்களுக்கு அந்த வெளிச்சம் எப்போது வந்தது? ரவாங்கில் மின்சாரம் ஓடி அறுபது, எழுபது ஆண்டுகள் ஆன பிறகும், பல தோட்டங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பியவர்கள் அந்த விளக்கொளியில்தான் தேநீர் கலந்தார்கள். பிறகு தோட்டத்து ஜெனரேட்டர் வந்தது. அதுவும் மாலையில் சில மணி நேரம் ஓடி, இரவு நிறுத்தப்படும். விளக்கு அணைவதற்குள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்ட பிள்ளைகள் இன்று தாத்தா, பாட்டிகளாக இருக்கிறார்கள். வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்பதுகூட அவர்களுக்கு மறந்திருக்காது.