எந்திரம் பிறக்குமுன் எழுதிய கட்டளை

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் 1903-ம் ஆண்டு பிறந்தவர் ஜான் வான் நியூமன். பெரிய கணித மேதை. பிறகு அமெரிக்காவில் குடியேறினார்.

1945-ம் ஆண்டு அங்கே "எட்வாக்" என்ற கம்ப்யூட்டர் உருவாக்கத் திட்டமிட்டார்கள். அது கணக்கு மட்டும்தான் போடுமா? கலைந்து கிடக்கும் பட்டியலை வரிசைப்படுத்துமா? அந்த வேலைக்கென்றே அப்போது தனி எந்திரம் உண்டு. அதனிடம் எட்வாக் தோற்றுவிட்டால்?

கம்ப்யூட்டர் இன்னும் காகிதத்தில்தான் இருந்தது. ஆனாலும் நியூமன் பேனாவை எடுத்துக் கட்டளைகளை எழுதினார்! வழி எளிது. 3, 8 ஒரு வரிசை. 5, 9 மற்றொரு வரிசை. இரண்டிலும் முன்னால் நிற்பவற்றில் சிறியதை எடு. மறுபடியும் அப்படியே செய். 3, 5, 8, 9 வந்துவிடும். இப்படியே சிறு வரிசைகளை இணைத்துப் பெரிதாக்க வேண்டும்.

நேரத்தைக் கணக்கிட்டார். எட்வாக்தான் வேகம்!

நியூமன் 1957-ல் புற்றுநோயால் இறந்தார். வயது 53தான். அந்த இணைப்பு முறை கம்ப்யூட்டர்களில் இன்றும் நடக்கிறது.